கட்டுகிறவர்கள் எங்கே படுக்கிறார்கள்?

2024-25-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் பொருளாதாரம் 11.19 சதவீதம் வளர்ந்திருக்கிறது என்று மத்திய அரசின் கணக்கு வந்ததிலிருந்து, எங்கள் ஊர் டீக்கடை பெஞ்சில்கூட அதுதான் பேச்சு. பல வருடங்களுக்குப் பிறகு இரட்டை இலக்கம். சந்தோஷமான விஷயம்தான். அதில் மண் அள்ளிப் போட நான் வரவில்லை. திருத்தணியிலிருந்து திருவள்ளூர் வரைக்கும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போனால் அந்த வளர்ச்சியைக் கண்ணாலேயே பார்க்கலாம். வேர்க்கடலை போட்ட நிலத்தில் எல்லைக்கல் முளைத்திருக்கிறது. கல்லுக்குக் கல் கலர் கொடி. சித்தூர்–தச்சூர் ஆறுவழிச் சாலை, சுமார் 116 கிலோமீட்டர், நம் பள்ளிப்பட்டு வட்டத்தையும் ஊத்துக்கோட்டை வட்டத்தையும் கடந்து போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து மனைத் தரகர்கள் தூங்குவதே இல்லை போலிருக்கிறது. என்னைப் போல பென்ஷன் வாங்குகிறவனைக் கண்டால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே சிரிக்கிறார்கள்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இதைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். 1962-இல் சட்டப்படி இணைப்பு முடிந்த பிறகும் எங்கள் வகுப்பறையில் சேன் நதியும் லுவார் நதியும்தான் ஓடிக்கொண்டிருந்தன. கொசஸ்தலை ஆறு என்று ஒன்று இருப்பதே, தமிழ்நாடு அரசு வேலை கிடைத்து இந்தப் பக்கம் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். அந்த வகுப்பில் வாத்தியார் அடிக்கடி ஒரு பழமொழி சொல்வார்: கான் லெ பாத்திமான் வா, தூ வா. கட்டடம் நடந்தால் எல்லாம் நடக்கும் என்று அர்த்தம். கட்டட வேலை சுறுசுறுப்பாக இருந்தால் ஊரில் எல்லாத் தொழிலும் சுறுசுறுப்பாக இருக்கும். இன்றைக்கும் பிரான்சில் அமைச்சர்கள் முதல் கடைக்காரர்கள் வரை இதைச் சொல்கிறார்கள்.

இதன் மூலம் மர்த்தேன் நதோ என்பவர் 1850-இல் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் பேசிய பேச்சு என்பார்கள். அவர் பொருளாதாரப் பேராசிரியர் இல்லை, கொத்தனார். க்ரேஸ் என்ற ஏழை மாவட்டத்தில் 1815-இல் பிறந்தவர். அந்த மாவட்டத்து ஆண்கள் வருஷா வருஷம் பனிக்காலம் முடிந்ததும் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிப் பாரிஸுக்குக் கட்டட வேலைக்குப் போவார்கள், குளிர் வந்ததும் திரும்பி வருவார்கள். நதோ 1830-இல், பதினாலு வயதில், அப்பாவுடன் பெரும்பகுதி தூரம் நடந்தே போனார். பிற்பாடு உறுப்பினராகி, அரசியல் காரணத்தால் நாடு கடத்தப்பட்டு, இங்கிலாந்தில் இருந்துவிட்டுத் திரும்பி, தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார்.

வாத்தியார் எங்களுக்குப் பழமொழியை மட்டும்தான் சொன்னார். அந்தப் புத்தகத்தைப் பற்றி எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. பாரிஸில் அவர் தங்கிய அறையை அதில் விவரித்திருக்கிறார். ஒரு அறை, ஆறு கட்டில், பன்னிரண்டு பேர். கட்டிலுக்கு இரண்டு பேர். பகலெல்லாம் பாரிஸ் பணக்காரர்களுக்கு மாளிகை எழுப்பிவிட்டு, ராத்திரி அங்கே வந்து சுருண்டு படுப்பார்கள். கட்டடம் நடந்தால் எல்லாம் நடக்கும் என்று சொன்ன மனிதருக்கு, கட்டுகிறவன் எங்கே படுக்கிறான் என்பதும் தெரியும். உலகம் முதல் பாதியை மட்டும் பழமொழியாக எடுத்துக்கொண்டு இரண்டாவது பாதியை விட்டுவிட்டது. நம் மாவட்டத்திலும் அதுதான் நடக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

முதலில் எண்ணிக்கை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் மாதா மாதம் எத்தனை வீடுகளுக்குக் கடைக்கால் தோண்டினார்கள் என்று கணக்கு எடுத்து வெளியிடுகிறார்கள். பிரான்சில் அதற்கு மீஸ் ஆன் ஷான்தியே என்று பெயர். நம் பாஷையில் கடைக்கால் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணைப் பார்த்துத்தான் வங்கிகளும் பங்குச் சந்தையும் நாட்டின் நாடி பிடித்துப் பார்க்கின்றன. 2006 ஜனவரியில் அமெரிக்காவில் அது வருடக் கணக்கில் சுமார் 22 லட்சத்து 70 ஆயிரமாக இருந்தது. 2009 ஏப்ரலில் 5 லட்சத்துக்கும் கீழே விழுந்தது. இடையில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். நம்மூர் ஐ.டி. பையன்கள் வேலை போய்த் திரும்பி வந்தார்களே, அதுதான்.

இந்தியாவிலும் இப்படி ஒரு குறியீட்டெண் வேண்டும் என்று பேராசிரியர் அமிதாப் குண்டு தலைமையில் ஒரு குழு அமைத்து, 2009-இல் ரிசர்வ் வங்கிக்கு அறிக்கை கொடுத்தார்கள். கட்டட அனுமதியை வைத்து, அதில் எத்தனை வேலை தொடங்குகிறது என்று கணக்கிடும் யோசனை. யோசனையில் குறை இல்லை. ஆனால் முப்பத்து மூன்று வருஷம் அரசாங்கக் கோப்பில் காலம் தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன், நம் ஊரில் அனுமதி ஒரு திசையிலும் கட்டடம் வேறு திசையிலும் போகும். அனுமதி வாங்கிவிட்டுப் பத்து வருஷம் கட்டாமல் இருப்பவரும் உண்டு. மூன்று மாடி கட்டி, பால் காய்ச்சிக் குடியேறி, பேரனுக்குக் காதும் குத்திவிட்டு அனுமதிக்கு வருபவரும் உண்டு. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனை அல்லது 8 வீட்டுக்கு மேற்பட்ட திட்டங்களைத்தான் பார்க்கிறது. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுகிறவர்கள் சுயசான்று கொடுத்து ஆன்லைனில் உடனே அனுமதி வாங்கலாம் என்று தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. நல்ல ஏற்பாடு. ஆபீஸ் படி ஏறி இறங்கும் வேலை குறைந்தது. எண்ணிக்கையும் கொஞ்சம் ஒழுங்காகக் கிடைக்கும்.

ஆனால் எண்ணிக்கை ஒழுங்காகக் கிடைத்துவிட்டாலும், எத்தனை வீடு தொடங்கியது என்று தெரியுமே தவிர, எத்தனை பேர் வீட்டுக்குள் படுக்கிறார்கள் என்று தெரியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 2 கோடியே 47 லட்சம் வீடுகள் ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்தன. நகரங்களில் மட்டும் 1 கோடியே 11 லட்சம். அதே கணக்கெடுப்பில் வீடே இல்லாதவர்கள் 17 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேல். கணக்குப் போட்டுப் பாருங்கள், வீடில்லாத ஒவ்வொருவருக்கும் சுமார் பதினான்கு பூட்டிய வீடு வருகிறது. அந்த வீடுகளும் ஒரு காலத்தில் கடைக்கால் கணக்கில் ஏறி, வளர்ச்சி என்று பெயர் வாங்கியவைதான்.

இப்போது நம் மாவட்டத்துக்கு வருகிறேன். 1997-இல் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிந்த நம் திருவள்ளூர் மாவட்டம் சென்னையின் கட்டடங்களுக்கு என்னென்ன கொடுக்கிறது என்று யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும். செங்கல் சூளை இங்கே. ஏரி மண்ணும் சவுடும் இங்கிருந்து லாரி லாரியாகப் போகிறது. எண்ணூர், அத்திப்பட்டு அனல்மின் நிலையங்களின் சாம்பல் சிமெண்டுக்கும் சாம்பல் கல்லுக்கும் போகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் பழைய இரும்பை உருக்கி டி.எம்.டி. கம்பி இழுக்கிற ஆலைகள் வரிசையாக இருக்கின்றன. உங்கள் வீட்டுத் தூணுக்குள் இருக்கும் கம்பி அங்கே சிவக்கச் சிவக்க வந்ததாக இருக்கலாம்.

எங்கள் பொதட்டூர்பேட்டைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. இது தறி ஊர் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் மாமனார் காலத்தில் இங்கே வீடு கட்டுவது என்றால் முதலில் தறி எங்கே நிற்கும் என்று முடிவு செய்வார்கள், அதற்குப் பிறகுதான் சமையலறையும் பூஜை இடமும். கைத்தறி போய் விசைத்தறி வந்தபோதும் அந்த முறை மாறவில்லை. அத்திமாஞ்சேரிப்பேட்டை, அம்மையார்குப்பம், ஆர்.கே.பேட்டை எல்லாம் அப்படித்தான். தறி ஓடுகிற கூடத்தில்தான் குழந்தை தொட்டிலில் தூங்கும். சத்தம் நின்றால்தான் விழித்துக்கொள்ளும். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவச மின்சாரம் கொடுத்தும் பையன்கள் தறியில் உட்காரத் தயாராக இல்லை. கம்பெனி பஸ் வாசலுக்கு வருகிறது, ஸ்ரீபெரும்புதூருக்கும் ஸ்ரீசிட்டிக்கும் போகிறார்கள். தறியை என்ன செய்வார்கள்? பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுகிறார்கள். எங்கள் தெருவில் நிறுத்திய தறிகளில் சில, கும்மிடிப்பூண்டி உலையில் உருகி, கம்பியாகி, யாரோ ஒருவருடைய மாடிக்குள் போயிருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

அந்த உலைகளில் நிற்கிறவர்களில் மிகப் பலர் பீகார், ஒடிசா, உத்தரப் பிரதேசத்துப் பிள்ளைகள். செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கீர் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு வந்து கொத்தடிமையாக மாட்டிக்கொண்டவர்களை நம் மாவட்டச் சூளைகளிலிருந்து அதிகாரிகள் மீட்டது ஒரு தடவை இரண்டு தடவை இல்லை. சென்ட்ரிங், கம்பி கட்டுவது, டைல்ஸ், பெயிண்ட், எல்லாவற்றிலும் வெளி ஆட்கள். நதோவின் க்ரேஸ் மாவட்டத்துக்காரர்கள் போலவே இவர்களும் அறுவடைக்கு ஊருக்குப் போய்த் திரும்புகிறார்கள். நடந்து வராமல் ரயிலில் வருகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசமும் 2020 ஊரடங்கில் சில வாரங்களுக்கு இல்லாமல் போனதை நாம் எல்லோரும் ரோட்டில் பார்த்தோம்.

1991 கணக்கெடுப்பில் எனக்கு கும்மிடிப்பூண்டிப் பக்கம் வீடு வீடாகப் போய் எண்ணும் வேலை போட்டார்கள். அப்போது அங்கே பாதிப் பேர் நம் தென் மாவட்டத்து ஆட்கள், வடக்கத்தியார் அப்போதுதான் வர ஆரம்பித்திருந்தார்கள். ஒரு ஓட்டு வீட்டில் மூன்று கயிற்றுக் கட்டில். பகலில் போனால் மூன்று பேர் தூங்குகிறார்கள். ராத்திரி போனால் வேறு மூன்று பேர் தூங்குகிறார்கள். இன்னும் மூன்று பேர் வேலையில். கணக்கெடுப்பு விதிப்படி, ஒன்றாகத் தங்கி ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டால் அது ஒரு குடும்பம். அந்த ஒன்பது பேரும் ஒரே அடுப்பு. ஆகவே ஒரு குடும்பம், ஒரு அறை என்று எழுதினேன். விதி அப்படித்தான் சொன்னது. அவர்களில் ஒருவர், ராஜபாளையத்துப் பக்கத்துக்காரர், நான் எழுதுவதை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சார், கட்டில் எத்தனைன்னு எழுத எடம் இருக்கா?" படிவத்தில் இல்லை. இன்றுவரை எந்தப் படிவத்திலும் நான் பார்க்கவில்லை.

முப்பது வருஷத்துக்குப் பிறகு அங்கே ஓட்டு வீடு போய்க் காங்கிரீட் வந்திருக்கிறது. லைன் வீடு என்கிறார்கள். பத்துக்குப் பத்து அறை எட்டு, பத்து வரிசையாக, மேலே தகர ஷீட், கோடியில் இரண்டு கழிப்பறை. வாடகை அறைக்கு இல்லை, தலைக்கு. ஆறு பேர் இருந்தால் ஆறு பங்கு. என் மனைவியின் அண்ணன் மகன் ஒருவன் கவரைப்பேட்டைப் பக்கம் இப்படி ஒரு லைன் கட்டியிருக்கிறான். நல்ல பிள்ளை, யாரையும் ஏமாற்றுகிறவன் இல்லை. கிரகப்பிரவேசம் மாதிரி எங்களைக் கூப்பிட்டு பொங்கல் எல்லாம் போட்டான். கழிப்பறை ஏன் இரண்டே இரண்டு என்று கேட்டேன்.

"மாமா, நாலு கட்டினா ரெண்டு ரூம் போச்சு. ரெண்டு ரூம் போனா பன்னெண்டு தலை வாடகை போச்சு. பேங்க் தவணை யாரு கட்டுவா?"

"மழைக்காலத்துல அறுபது பேரும் எங்கேடா போவாங்க?"

"நான் இதையும் கட்டலைன்னா அவங்க எங்க மாமா படுப்பாங்க? மேம்பாலத்துக்கு அடியில. அது உங்களுக்கு சம்மதமா?"

அவன் சொன்னதில் நியாயம் இல்லை என்று என்னால் தள்ள முடியவில்லை. ஆலைக்காரர் ஆள் எடுக்கிறார், படுக்கை அவர் பொறுப்பு இல்லை. காண்டிராக்டர் ஆள் கொண்டுவருகிறார், அவர் தலைக்குக் கமிஷன் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். அரசாங்கம் ஆலை வந்த எண்ணிக்கையைச் சொல்கிறது. கடைசியில் படுக்கை கொடுத்தது இந்தப் பிள்ளைதான். அவனை மட்டும் குற்றம் சொல்வது சுலபம். கும்மிடிப்பூண்டி, பெரியபாளையம், செங்குன்றம் பக்கம் வசிக்கிற நம் வாசகர்களில் பலருக்கும் இப்படி ஒரு லைன் இருக்கும். ஓய்வுபெற்ற பணத்தில் கட்டியிருப்பீர்கள். உங்கள் மீது கோபம் கொண்டு இதை எழுதவில்லை. ஆனால் சட்டம் என்ன சொன்னது என்பதாவது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1996-இல் மத்திய அரசு கொண்டுவந்து 2025 வரை அமலில் இருந்த கட்டுமானத் தொழிலாளர் சட்டத்தில் 34-ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. வேலை நடக்கும் காலம் முழுக்க, வேலையிடத்திலோ அதற்குப் பக்கத்திலோ, வாடகை வாங்காமல் தொழிலாளிகளுக்குத் தங்குமிடம் கொடுக்க வேண்டியது வேலை கொடுப்பவரின் கடமையாக இருந்தது. சும்மா நாலு தகரம் நட்டால் போதாது. சமைக்கத் தனி இடம், குளிக்க, துவைக்க, கழிப்பறை எல்லாம் இருக்க வேண்டும் என்று அதே பிரிவு சொன்னது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடங்களுக்கு இது பொருந்தியது. இதோடு சேர்ந்த இன்னொரு சட்டப்படி கட்டுமானச் செலவில் 1 சதவீதம் நல நிதிக்கு வசூலித்தார்கள். தமிழ்நாட்டில் அதற்கும் முன்னாலேயே, 1994-இல், கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் வந்துவிட்டது. அந்த விஷயத்தில் நாம் முன்னோடிகளில் ஒருவர். ஆனால் 34-ஆவது பிரிவை யாராவது அமல்படுத்திப் பார்த்ததை, என் சர்வீஸில் நான் ஒரு கோப்பில்கூடக் கண்டதில்லை.

2014 ஜூன் 28-ஆம் தேதி மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். டி.வி.யில் நாள் கணக்காகக் காட்டினார்கள், விசாரணைக் குழு வந்தது, பக்கத்திலிருந்த இன்னொரு கட்டடத்தைப் பின்னாளில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். சரியாக எட்டு நாள் கழித்து, ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை, நம் மாவட்டத்தில் செங்குன்றத்துக்குப் பக்கத்தில் மழையில் ஒரு உயரமான மதில் விழுந்து 11 பேர் இறந்தார்கள். அது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? அவர்களும் கட்டட வேலைக்கு வந்தவர்கள், பெரும்பாலோர் ஆந்திராவிலிருந்து. மௌலிவாக்கத்தில் வேலை செய்யும் இடத்தில் உயிர் போனது. இங்கே அப்படிக்கூட இல்லை. மதிலை ஒட்டிக் கொட்டகை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். 34-ஆவது பிரிவு என்பது காகிதத்தில் இருந்த ஒரு வசதி என்று யாராவது நினைத்தால், அந்தப் பதினொரு பேரை நினைத்துக்கொள்ளலாம்.

கும்மிடிப்பூண்டியைப் பற்றி எழுதும்போது அங்கே இருக்கும் இலங்கைத் தமிழர் முகாமைச் சொல்லாமல் போக முடியாது. 1990-இல் படகில் வந்தவர்கள். அவர்கள் பிள்ளைகளுக்கும் இப்போது பிள்ளைகள் இருக்கின்றன. முகாமில் ஆண்களில் மிகப் பலர் பெயிண்டர்கள். சென்னையின் அடுக்குமாடிகளின் உச்சியில் கயிற்றில் தொங்கிக்கொண்டு வர்ணம் அடிப்பவர்களில் அந்த முகாம்காரர்கள் பலர். முப்பது வருஷமாக அடுத்தவர் வீட்டுச் சுவரை மின்ன வைத்துவிட்டு, பத்துக்குப் பத்து அறைக்குத் திரும்புகிறவர்கள். 2021-இல் முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றி, மாநிலம் முழுக்க 7,469 வீடுகள் புதிதாகக் கட்டித் தருவதாக அரசு அறிவித்தது. இவ்வளவு காலம் கழித்து என்றாலும், வரவேற்க வேண்டியது.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்கிற கட்சி நான் இல்லை. கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் கொடுக்கிறார்கள், 360 சதுர அடி. கிராமத்தில் குடிசையில் இருந்தவர்கள் காங்கிரீட்டுக்கு மாறுவதை நம் வட்டத்திலேயே பார்க்கிறோம். 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் சிப்காட் 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவு செய்து 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி திறந்தது. அதற்கு ஒரு முன்கதை உண்டு. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு விஷமாகி, செல்போன் கம்பெனிப் பெண் பிள்ளைகள் ராத்திரியில் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். அதற்குப் பிறகுதான் படுக்கை என்பது உற்பத்தியில் ஒரு பகுதி என்று எல்லோருக்கும் உறைத்தது. எங்கள் ஊர்ப் பெண்களும் அந்தப் பக்கக் கம்பெனிகளுக்குப் போகிறார்கள். தங்க நல்ல இடம் கிடைத்தால் பெற்றவர்களுக்கு நிம்மதி.

பெண்களின் விடுதிகளுக்காவது 2014-இல் தமிழ்நாட்டில் ஒரு ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. ஆண்கள் தங்கும் லைன் வீட்டுக்கு அதுகூட இல்லை. வாடகைச் சட்டம் என்று 2017-இல் ஒன்று போட்டு, 2019-லிருந்து அமலில் இருக்கிறது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் போட்டுப் பதிய வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று காண்டிராக்டர் கையிலிருந்து ரொக்கமாக வாங்குகிற லைனில் யாருடன் ஒப்பந்தம் போடுவது? தங்குகிறவன் பெயரே வீட்டுக்காரருக்குத் தெரியாது. என் மைத்துனர் மகனுக்கு எட்டாம் நம்பர் ரூம், ஒன்பதாம் நம்பர் ரூம் என்றுதான் தெரியும்.

என் யோசனை பெரிய யோசனை ஒன்றும் இல்லை. குமாஸ்தாவின் யோசனைதான், படிவத்தில் ஒரு கட்டம் சேர்க்கிற யோசனை. பெரிய கட்டடத்துக்கு அனுமதி கேட்கிறவர் கார் நிறுத்த இடம் காட்டாவிட்டால் வரைபடம் பாஸ் ஆகாது. மழைநீர் சேகரிப்பு 2003-இல் எப்படிக் கட்டாயமாயிற்று என்று நமக்குத் தெரியும். அப்போது எவ்வளவு முணுமுணுப்பு! கிணற்றில் தண்ணீர் ஏறியதும் அடங்கிப் போனது. அதே மாதிரி, கட்டுகிற காலத்தில் ஆட்கள் எங்கே தங்குவார்கள், எத்தனை பேர், எத்தனை கழிப்பறை என்று வரைபடத்தில் காட்டட்டும். கார் நிற்க இடம் கேட்கிற நாம், அதைக் கட்டுகிறவன் படுக்க இடம் கேட்கக் கூடாதா? சிப்காட்டில் ஆலைக்கு நிலம் ஒதுக்கும்போதே இத்தனை ஆளுக்கு இத்தனை படுக்கை என்று ஒதுக்கீட்டு ஆணையில் எழுதட்டும். வல்லம் வடகாலில் முடிந்தது கும்மிடிப்பூண்டியில் ஏன் முடியாது? அங்கே இருப்பவர்கள் உலையில் நிற்கும் ஆண்கள் என்பதாலா, ஓட்டு இங்கே இல்லை என்பதாலா?

லைன் கட்டுகிறவர்களையும் மிரட்டி மூட வைக்கக் கூடாது. மூடினால் மேம்பாலத்தடிதான், பையன் சொன்னது சரி. பத்துப் பேருக்கு ஒரு கழிப்பறை, அறைக்கு ஒரு ஜன்னல், குடிக்கிற தண்ணீர், இவ்வளவு செய்கிறவருக்கு வீட்டு வரியில் தள்ளுபடி கொடுக்கட்டும், அல்லது அந்த 1 சதவீத நல நிதியிலிருந்து கொஞ்சம் கடன் கொடுக்கட்டும். இரண்டு அறை வாடகையை இழந்தால் வங்கித் தவணை எப்படிக் கட்டுவது என்ற கேள்விக்கு அதுதான் பதில். உபதேசம் பண்ணினால் தவணை அடையாது.

இதற்கு என் நண்பர் ஒருவர், அவரும் ஓய்வுபெற்றவர்தான், ஒரு ஆட்சேபம் சொன்னார். செலவு ஏறும், வீட்டு விலை ஏறும், வாங்குகிற நடுத்தர வர்க்கம்தானே கஷ்டப்படும் என்றார். கொஞ்சம் ஏறத்தான் செய்யும். ஆனால் நம் பக்கம் மனை விலை இந்தப் பத்து வருஷத்தில் ஏறியது கூலியாலா? கொத்தனார் கூலி ஏறியதைவிட நிலத்தின் விலை எத்தனை மடங்கு ஏறியது என்று எந்தத் தரகரைக் கேட்டாலும் சொல்வார். சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக 2022-இல் விரித்தார்களே, அதற்கு அடுத்த மாதமே பல கிராமங்களில் விலை மாறியது. ஒரு செங்கல்கூட அடுக்கவில்லை. அப்போது யாரும் நடுத்தர வர்க்கத்துக்காகக் கண்ணீர் விடவில்லை. கழிப்பறை கட்டச் சொன்னால் மட்டும் அந்த வர்க்கம் ஞாபகத்துக்கு வருகிறது.

2021-இல் வந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப் போய், 2027 என்று அறிவித்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் வீட்டுப் பட்டியல் எடுக்க வருவார்கள். எண்ண வருகிறவர் பெரும்பாலும் ஒரு பள்ளிக்கூட டீச்சராக இருப்பார், பாவம், பகலில் பத்து மணிக்கு வருவார். லைனில் பாதி அறை பூட்டியிருக்கும், மீதி அறையில் எழுப்பினாலும் எழுந்திருக்காத தூக்கம். பூட்டிய வீடு என்றோ, ஒரு அடுப்பு ஒரு குடும்பம் என்றோ எழுதிக்கொண்டு போய்விடுவார். லைன் வைத்திருக்கும் வாசகர்கள் தயவுசெய்து அவரைச் சாயங்காலம் ஏழு மணி சுமாருக்கு ஒரு தடவை வரச் சொல்லுங்கள். ஷிப்ட் மாறுகிற நேரம். வேலைக்குப் போகிற கூட்டமும் திரும்பி வருகிற கூட்டமும் வாசலில் ஒன்றாக நிற்கும். அந்த ஒரு அரை மணி நேரத்தில்தான் எத்தனை பேர் என்று எண்ண முடியும்.